பிறவாத கன்றுகளின் கணக்கு

நம் சங்கத்து அங்கத்தினர்களில் தறி ஒன்றையே நம்பியிருப்போரும் உளர். நிலம் ஒன்றையே நம்பியிருப்போரும் உளர். ஆயினும் இரு சாராருடைய வீட்டுப் புறக்கடையிலும் ஒரு பசு கட்டியிருப்பது வழக்கம். நூல் விலை ஏறிய மாதத்திலும் மழை பொய்த்த மாதத்திலும் குடும்பத்தின் கைச்செலவுக்கு வழிசெய்வது அப்பசுவின் பாலே. ஆகவே, சினையான பசு கன்று வீசிவிட்டது என்ற செய்தி ஒரு வீட்டுக்கு எத்தகைய இழப்பு என்பதை நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஓர் ஈற்றுத் தவறினால் பால் வருமானம் தவறுகிறது. தீனிச் செலவு மட்டும் தவறுவதில்லை.

இவ்வாறு நேரும்போது நாம் காரணம் தேடுகிறோம். தீனியில் குறை என்கிறோம். வெயிலின் கொடுமை என்கிறோம். கன்று வீச்சு நோயோ என்று அஞ்சுகிறோம். சினை ஊசி போட்டவரின் கைப்பிழை என்றும் சொல்லிவிடுகிறோம். இவை யாவும் மெய்யான காரணங்களாக இருத்தல் கூடும். ஆனால் இவற்றுள் எதிலும் அடங்காத மற்றொரு காரணமும் உண்டு என்பதை விஞ்ஞானிகள் அண்மை ஆண்டுகளில் ஐயமறக் காட்டியிருக்கின்றனர். பசுவின் உடம்பிலும் காளையின் உடம்பிலும் பரம்பரையாக வந்து மறைந்து கிடக்கும் ஓர் எழுத்துப் பிழையே அது. அதனை எவ்வாறு கண்டுபிடித்தனர், அதிலிருந்து மாடு வளர்ப்போர் அறியவேண்டுவது யாது என்பதை இங்கே கூறுவோம்.

அட்டைக் கோவையும் மரபேடும்

ஜக்கார்டு தறியில் நெய்யும் அன்பர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. சேலையின் கரையிலும் முந்தியிலும் எந்தக் கோலம் விழவேண்டும் என்பதைத் தறிக்காரர் இழை இழையாக நினைவில் வைத்திருப்பதில்லை. துளையிட்ட அட்டைகளை வரிசையாகக் கோத்துத் தறியின் மேலே மாட்டுகிறோம். அட்டை சொல்லியபடி பாவு இழைகள் எழும்புகின்றன. அட்டை ஒன்றில் துளை இடம் மாறி விழுந்திருந்தால், அந்தக் கோவையைக் கொண்டு நெய்யும் ஒவ்வொரு சேலையிலும் அதே இடத்தில் அதே பிழை விழும். நூலைக் குறைசொல்லிப் பயனில்லை. நெய்தவரைக் குறைசொல்லியும் பயனில்லை. அட்டையைச் சோதித்தாலன்றி உண்மை புலப்படாது.

மாட்டின் உடம்பிலும் இத்தகைய கோவை ஒன்று உண்டு. உடம்பின் உயிரணுக்களில் 30 இணைக் குரோமோசோம்கள் இருக்கின்றன. ஒவ்வோர் இணையிலும் ஒன்று தாய் தந்தது. மற்றொன்று தந்தை தந்தது. குரோமோசோம் ஒவ்வொன்றும் டி.என்.ஏ. என்னும் நீண்ட இழையைச் சுமந்திருக்கிறது. அவ்விழையில் அடினைன், தைமின், குவானின், சைட்டோசின் என்ற நான்கே இரசாயனப் பொருள்கள், நான்கு எழுத்துகளைப் போல, மாறி மாறி வரிசையாக நிற்கின்றன. தாய் தந்த ஒரு தொகுப்பில் மட்டும் ஏறத்தாழ 270 கோடி எழுத்துகள் உள்ளன. பக்கத்துக்கு 2,000 எழுத்து வீதம் 300 பக்கப் புத்தகங்களாக அச்சிட்டால் 4,500 புத்தகங்கள் ஆகும். இவ்வெழுத்துகளுள், உடம்புக்கு வேண்டிய ஒரு புரதத்தைச் செய்யும் முறையைக் கூறும் பகுதியை மரபணு என்கிறோம். மாட்டில் சுமார் 22,000 மரபணுக்கள் உள்ளன. இந்த முழுக் கோவையையும் இக்கட்டுரையில் மரபேடு என்று வழங்குவோம்.

தறிக்கும் உடம்புக்கும் ஒரு வேறுபாடு உண்டு. தறியில் ஒரே கோவைதான் இருக்கிறது. உயிரிலோ தாய்வழிக் கோவை ஒன்று, தந்தைவழிக் கோவை ஒன்று என இரண்டு இருக்கின்றன. ஒன்றில் பிழை இருந்தாலும் மற்றொன்று சரியாக இருப்பின் பெரும்பாலும் வேலை குறைவின்றி நடந்துவிடும். மாடு நலமாக இருக்கும்; பால் நிறையக் கறக்கும்; பிழையைச் சுமப்பது வெளியே தெரியாது. இரண்டு கோவையிலும் ஒரே இடத்தில் ஒரே பிழை நேரும்போதுதான் கேடு விளைகிறது. பின்வரும் கதைக்கு இதுவே திறவுகோல் ஆதலின் அன்பர்கள் இதனை மனத்தில் இருத்திக்கொள்ளல் வேண்டும்.

மரபேட்டை முழுதும் படித்தல்

இத்துணைப் பெரிய ஏட்டைத் தொடக்கம் முதல் இறுதிவரை ஒரே மூச்சில் படித்துவிட இயலாது. இழையைப் பல இலட்சம் துண்டுகளாக்கி, ஒவ்வொரு பகுதியையும் பலமுறை படித்து, ஒரு துண்டின் இறுதி வரியும் மற்றொரு துண்டின் முதல் வரியும் ஒத்திருப்பதைக் கொண்டு கணினியின் உதவியால் பொருத்துகின்றனர். கிழிந்துபோன கிரயப் பத்திரத்தின் துண்டுகளை மேசைமீது பரப்பி ஒட்டுவதற்கு இதனை ஒப்பிடலாம். இவ்வாறு எழுத்து விடாமல் படிப்பதே முழு மரபேட்டு வரிசைப்படுத்தல் எனப்படுகிறது.

மாட்டின் மரபேடு முதன்முதலாக இவ்வாறு படிக்கப்பட்டு 2009 ஏப்ரலில் வெளியிடப்பட்டது. 25 நாடுகளைச் சேர்ந்த 300க்கு மேற்பட்ட விஞ்ஞானிகள் ஆறு ஆண்டுகள் அதற்காக உழைத்தனர். படிக்கப்பட்ட மாடு ஹெரிபோர்டு இனத்துப் பசு ஒன்று. ஒரு மாட்டின் ஏடு மூலப் பிரதியாகக் கைக்கு வந்துவிட்டபின், மற்ற மாடுகளின் ஏடுகளை அதனோடு ஒப்புநோக்கி வேறுபாடுகளைக் குறித்தல் எளிதாயிற்று. 2012ஆம் ஆண்டில் பல நாட்டு ஆய்வாளர் ஒன்றுகூடி, ஆயிரம் காளைகளின் மரபேடுகளைப் படிக்கும் திட்டமொன்றைத் தொடங்கினர். 2014இல் வெளிவந்த அதன் முதல் அறிக்கை, 234 மாடுகளின் ஏடுகளை ஒப்பிட்டதில் 2 கோடியே 83 இலட்சம் இடங்களில் வேறுபாடு இருந்ததைக் காட்டியது. இவற்றுள் பெரும்பாலானவற்றால் நன்மையும் இல்லை, தீமையும் இல்லை. சில, இனத்துக்கு இனம் வேறுபடும் குணங்களைத் தருவன. சில, உயிருக்கே உலை வைப்பன.

கூட்டுறவும் காளையும்

மூன்று பசு உடையவன் உயர்ந்த பொலிகாளை ஒன்றை விலைகொடுத்து வாங்கிப் பராமரிக்க முடியாது. இக்குறையைத் தீர்க்கக் கூட்டுறவே முன்வந்தது. 1936இல் டென்மார்க்கு நாட்டின் சாம்சோ தீவில் செயற்கை முறைக் கருவூட்டலுக்கென்று கூட்டுறவுச் சங்கம் ஒன்று ஏற்பட்டது. அதனைக் கண்டு 1938இல் அமெரிக்காவின் நியூ ஜெர்சியிலும் ஒரு சங்கம் தொடங்கப்பட்டது. 1949இல், கிளிசரின் சேர்த்தால் விந்தை உறையச்செய்து உயிரோடு காக்கலாம் என்பதை இங்கிலாந்தில் கண்டறிந்தனர். அதன்பின் ஒரு காளை இறந்து பல ஆண்டு சென்ற பின்னும் உலகின் எந்த மூலையிலும் அதன் கன்றுகள் பிறக்கலாம் என்றாயிற்று. ஏழை விவசாயியின் தொழுவத்துக்கும் சிறந்த காளையின் மரபு வந்து சேர்ந்தது. இது பெரும் நன்மை என்பதில் ஐயமில்லை.

1962இல் அமெரிக்காவின் நெப்ராஸ்காவில் ஹோல்ஸ்டீன் காளை ஒன்று பிறந்தது. எச்.எஃப். என்று நாம் சுருக்கி வழங்கும் கறுப்பு வெள்ளை இனம் இதுவே. அக்காளைக்குப் பானி பார்ம் ஆர்லிண்டா சீஃப் என்று பெயர். அதன் மகள்கள் மிகுதியாகப் பால் கறந்தன. ஆகவே எல்லோரும் அதன் விந்தையே கேட்டனர். அதற்கு 16,000 மகள்களும், 5 இலட்சம் பேத்திகளும், 20 இலட்சத்துக்கு மேற்பட்ட கொள்ளுப் பேத்திகளும் பிறந்தன. அமெரிக்க ஹோல்ஸ்டீன் இனத்து மரபில் நூற்றுக்கு 14 பங்கு அந்த ஒரே காளையிடமிருந்து வந்ததென்று கணக்கிட்டிருக்கின்றனர்.

அக்காளையின் இரண்டு கோவைகளில் ஒன்றில் ஓர் எழுத்துப் பிழை இருந்தது. அதனை அன்று ஒருவரும் அறியார். அறியும் வழியும் அன்று இல்லை.

இல்லாத மாடுகளைத் தேடியது

பிழையைக் கண்டுபிடித்த முறை வியப்புக்குரியது. 2011இல் அமெரிக்க விவசாய இலாகாவின் ஆய்வாளர்கள் 50,000க்கு மேற்பட்ட ஹோல்ஸ்டீன் மாடுகளின் மரபுக் குறிப்புகளைக் கணினியில் ஆராய்ந்தனர். மரபேட்டின் ஒரு பகுதி பல மாடுகளில் ஒற்றையாகக் காணப்பட்டது. ஒற்றையாக அத்தனை மாடுகளில் இருக்குமானால், தாய் தந்தை இருவரிடமிருந்தும் அதனையே பெற்ற மாடுகள் சிலவேனும் இருத்தல் வேண்டும். தேடிப் பார்த்தனர், ஒன்றுகூட இல்லை. இருக்கவேண்டியவை இல்லாமற் போனதன் பொருள் ஒன்றே: அக்கன்றுகள் பிறப்பதற்கு முன்னரே இறந்துவிட்டன. இவ்வாறு ஹோல்ஸ்டீனில் மூன்றும், ஜெர்சியில் ஒன்றும், பிரௌன் சுவிஸில் ஒன்றுமாக ஐந்து இடங்கள் அவ்வாராய்ச்சியில் அகப்பட்டன. ஹோல்ஸ்டீனின் முதல் இடத்தை வமிசாவளிப்படி பின்னோக்கித் தொடர்ந்தபோது அது சீஃப் காளையிடம் சென்று முடிந்தது.

பிழை இருக்கும் வட்டாரம் தெரிந்தது. எந்த எழுத்து என்பது தெரியவில்லை. அதனை அறிய முழு மரபேட்டைப் படிக்கவேண்டியதாயிற்று. இல்லினாய் பல்கலைக்கழகத்தைச் சார்ந்த விஞ்ஞானிகள் சீஃபினுடைய ஏட்டையும் அதன் மகனான மார்க் என்ற காளையின் ஏட்டையும் படித்தனர். 2016இல் முடிவு வெளியாயிற்று. ஏபிஏஎஃப்1 என்ற மரபணுவில் ஓர் எழுத்து மாறியிருந்தது. அம்மாற்றத்தால் புரதம் முழுமை பெறாது பாதி வழியிலேயே நின்றுவிடுகிறது. கருவில் வேண்டாத உயிரணுக்களை உரிய காலத்தில் அகற்றுவதில் அப்புரதத்துக்குப் பங்கு உண்டு. நரம்பு மண்டலம் செவ்வனே அமைய அது இன்றியமையாதது. இரண்டு கோவையிலும் இப்பிழையைப் பெற்ற கரு, சினைபிடித்த 60 முதல் 200 நாட்களுக்குள் அழிந்துவிடுகிறது. பிழையைச் சுமக்கும் காளையும் பிழையைச் சுமக்கும் பசுவும் சேரும்போது நான்கில் ஒரு கரு இவ்வாறு கழிகிறது.

முப்பத்தைந்து ஆண்டுகளில் உலகெங்கும் இப்பிழையால் அழிந்த கருக்கள் சுமார் 5,25,000 என்றும், நஷ்டம் 42 கோடி டாலர் என்றும் அவ்வறிக்கை மதிப்பிட்டது. அதே காலத்தில் சீஃபின் மரபால் பெருகிய பாலின் மதிப்பு 3,000 கோடி டாலர் என்றும் கணக்கிட்டனர். லாபம் நஷ்டத்தைவிட எழுபது மடங்கு பெரிது என்று கண்டு அமைதியுறலாம். ஆனால் கூட்டுறவாளராகிய நாம் கணக்கை மற்றொரு விதமாகவும் பார்க்கக் கடமைப்பட்டிருக்கிறோம். லாபம் ஊரெங்கும் பரவிச் சேர்ந்தது. நஷ்டமோ ஒவ்வொரு தடவையும் ஒரு வீட்டின்மேல் தனியே விழுந்தது. அவ்வீட்டார்க்குக் காரணமும் தெரியவில்லை. தீனியையும் தம்மையும் நொந்துகொண்டதே அவர்கள் கண்டது.

குற்றம் எங்கே?

ஒரு காளையின்மேல் பழிபோடுதல் நியாயமன்று. எல்லா உயிர்களும் இத்தகைய மறைந்த பிழைகள் சிலவற்றைச் சுமந்தே பிறக்கின்றன. நாட்டு மாடு, சீமை மாடு என்ற பேதம் இதற்கில்லை. பல வமிசங்கள் கலந்து வாழும் மந்தையில் ஒரே பிழை உடைய இரு மாடுகள் சந்திப்பது அரிது. ஒரே காளையின் வமிசம் நாடெங்கும் நிறைந்துவிட்டாலோ அச்சந்திப்பு அன்றாட நிகழ்ச்சி ஆகிவிடுகிறது. பிழை பழையது, அதனைப் பெருக்கியது குறுகிய வமிசம்.

இக்குறுக்கம் எவ்வளவு என்பதை 2015இல் பென்சில்வேனியா மாநிலப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்தனர். காளையிலிருந்து காளைக்கே இறங்கும் ஒய் குரோமோசோமைத் தொடர்ந்து சென்றபோது, அமெரிக்காவில் கருவூட்டலுக்குப் பயன்பட்ட ஹோல்ஸ்டீன் காளைகள் ஏறக்குறைய அனைத்தும் 1880இல் பிறந்த இரண்டே காளைகளின் ஆண்வழி என்று தெரியவந்தது. அந்நாட்டில் கறவைப் பசுக்கள் சுமார் 90 இலட்சம். அவற்றுள் பெரும்பாலானவை ஹோல்ஸ்டீன். ஆனால் அவற்றின் உறவு நெருக்கத்தைக் கணக்கிட்டால், நூறு மாடுகூட இல்லாத ஒரு மந்தைக்கே அவ்வினம் ஒப்பாகும் என்கின்றனர். எண்ணிக்கை பெருகியது, வகை சுருங்கியது.

வகை என்பது செல்வம்

பிழைகளை மறைத்து வைப்பதோடு வகையின் பயன் முடிந்துவிடவில்லை. நாளை வேண்டியிருக்கும் குணங்களும் அதில்தான் இருக்கின்றன. கரீபியக் கடலிலுள்ள செயின்ட் குரோய் தீவில் சினிபால் என்ற மாட்டினம் உண்டு. அதன் உரோமம் மிகக் குட்டையாகவும் வழவழப்பாகவும் இருக்கும். கடும் வெயிலிலும் உடம்பு அதிகமாகச் சூடேறாது. 2014இல் இதன் காரணம் தெரிந்தது. புரோலாக்டின் என்ற சுரப்பு நீரை ஏற்கும் புரதத்துக்குரிய மரபணுவில் ஓர் எழுத்து விடுபட்டிருந்தது. அங்கே ஓர் எழுத்து மாறியதால் கன்றுகள் அழிந்தன. இங்கே ஓர் எழுத்து விடுபட்டதால் மாடு வெயிலைத் தாங்குகிறது. இக்குணத்தைக் கலப்பின் மூலம் ஹோல்ஸ்டீனுக்குக் கொண்டுவந்திருக்கின்றனர். சிறு தீவு ஒன்றின் விவசாயிகள் தங்கள் மாட்டைக் கைவிட்டிருந்தால் இக்குணம் ஹோல்ஸ்டீனுக்குக் கிடைத்திருக்குமா என்று எண்ணிப் பார்க்கவேண்டும்.

நம் நாட்டுத் திமில் மாடுகளின் பெருமையும் இங்கே கூறத்தக்கது. மனிதன் மாட்டை இரு இடங்களில் தனித்தனியே பழக்கினான். திமிலற்ற மாட்டினம் சுமார் 10,000 ஆண்டுகளுக்கு முன் மேற்கு ஆசியாவில் பழக்கப்பட்டது. திமில் உடைய இனம் சுமார் 8,000 ஆண்டுகளுக்கு முன் சிந்து வெளிப் பகுதியில் பழக்கப்பட்டது. இவ்விரண்டும் தனித்தனி மரபுகள் என்பதற்கு 1994இல் டப்ளின் நகரத்து ஆய்வாளர்கள் மரபியல் சான்று காட்டினர். 2009இல் 19 இனங்களைச் சேர்ந்த 497 மாடுகளை ஒப்பிட்ட ஆராய்ச்சியில், திமில் இனங்களின் மரபில் ஐரோப்பிய இனங்களைவிட மிகுந்த வேறுபாடு இருப்பது தெரிந்தது. அங்கே ஆராயப்பட்ட திமில் இனங்களில் கீர் ஒன்று. நம் ஓங்கோல் மாட்டின் வழிவந்து பிரேசிலில் பெருகிய நெலோர் மற்றொன்று.

தமிழ்நாட்டிலேயே இவ்வேறுபாட்டைக் கண்ணாரக் காணலாம். கொறங்காட்டு மேய்ச்சலில் வளரும் காங்கயம், காவிரிக் கழனிச் சேற்றில் உழுவதற்கேற்ற உம்பளச்சேரி, மலைப்பட்டிகளில் அடைபடும் பர்கூர், வயல்தோறும் கிடை போட்டு உரம் தரும் புலிக்குளம், தருமபுரிப் பக்கத்து ஆலம்பாடி ஆகிய ஒவ்வொன்றும் தத்தம் நிலத்துக்கேற்பத் தலைமுறை தலைமுறையாக அமைந்தவை. ஆனால் 2019ஆம் ஆண்டுக் கால்நடைக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஏழு ஆண்டுகளில் நாட்டு மாடுகள் நூற்றுக்கு 6 குறைந்து ஏறத்தாழ 14 கோடி ஆயின. கலப்பின, வெளிநாட்டு மாடுகள் நூற்றுக்கு 27 பெருகி ஏறத்தாழ 5 கோடி ஆயின.

கலப்பின மாடு வேண்டாம் என்று நாம் கூறவரவில்லை. அதன் பாலில்தான் பல குடும்பங்கள் வாழ்கின்றன. நாட்டினத்தின் தூய காளைகள் அற்றுப்போகுமாறு விட்டுவிடலாகாது என்பதே நம் கருத்து. மரபேட்டைப் படிக்கும் கருவி எத்துணை நுட்பமாயினும், அழிந்துபோன ஓர் இனத்தை அது திரும்பத் தராது. காக்கப்பட்டது மட்டுமே திரும்பி வரும். மேலே கூறிய பென்சில்வேனிய ஆய்வாளர், மறைந்துபோன ஹோல்ஸ்டீன் ஆண்வழிகள் சிலவற்றின் பழைய விந்து கொலராடோவிலுள்ள அரசாங்கச் சேமிப்பில் இருக்கக் கண்டு, அதனைக் கொண்டு 2017இல் கன்றுகள் பிறக்கச் செய்தனர். கேரளத்தில் வெச்சூர்க் குள்ளப் பசு அற்றுப்போகும் நிலையில் இருந்தது. 1989இல் டாக்டர் சோசம்மா ஐப் அவர்கள் தம் மாணவர்களோடு ஊர் ஊராகத் தேடி எஞ்சியவற்றைச் சேர்த்து அவ்வினத்தைக் காத்தார். இரு இடத்திலும், பிழைத்ததற்குக் காரணம் எவரோ சிலர் எஞ்சியதை வைத்திருந்ததே.

நாம் செய்யத்தக்கது

மரபேட்டைப் படிப்பது ஆய்வுக்கூடத்தின் வேலை. நம் நாட்டிலும் அவ்வேலை நடைபெறுகிறது. ஐதராபாத்திலுள்ள தேசிய விலங்கு உயிரித் தொழில்நுட்ப நிறுவனம் 2021இல் நாட்டு மாடுகளுக்கென்று இண்டிகௌ என்னும் சோதனைச் சில்லை வெளியிட்டது. அது முழு ஏட்டையும் படியாமல், தெரிந்தெடுத்த 11,496 இடங்களை மட்டும் சோதிப்பது. ஆகையால் செலவு குறைந்தது. இத்தகைய சோதனைகள் பயன்தர வேண்டுமானால், எந்தக் கன்று எந்தக் காளைக்குப் பிறந்தது என்ற குறிப்பு தொழுவத்தில் இருத்தல் வேண்டும். அக்குறிப்பை எழுதவேண்டியவர்கள் நாமே.

ஆதலின் அங்கத்தினர்கள் கீழ்க்கண்டவற்றைக் கைக்கொள்ளுமாறு கேட்டுக்கொள்கிறோம். முதலாவதாக, சினை ஊசி போடும்போது உறைவிந்துக் குச்சியின்மேல் அச்சிட்டிருக்கும் காளை எண்ணைக் கேட்டு, தேதியுடன் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதி வைக்கவேண்டும். பசுவின் காதிலுள்ள 12 இலக்க வில்லை எண்ணையும் அதனருகே எழுதவேண்டும். இரண்டாவதாக, கிடேரி பருவத்துக்கு வரும்போது அந்தப் புத்தகத்தைப் புரட்டிப் பார்த்து, அதன் தந்தைக் காளையின் விந்தையே மீண்டும் போடாதபடி காத்துக்கொள்ளவேண்டும். மூன்றாவதாக, சினை உறுதியான பின் கன்று வீசினால் மறைக்காமல் கால்நடை மருத்துவரிடம் தெரிவித்து, முதலில் நோய்ச் சோதனை செய்துகொள்ளவேண்டும். காளை எண்ணையும் அவரிடம் காட்டவேண்டும். நான்காவதாக, நல்ல நாட்டுப் பசு உடையவர்கள் ஓர் ஈற்றையேனும் அதே இனத்துக் காளைக்கு விடவேண்டும்.

சங்கங்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. ஓர் ஊரில் பல ஆண்டுகள் ஒரே காளையின் குச்சிகளே வந்துகொண்டிருந்தால், காளையை மாற்றித் தருமாறு உறைவிந்து நிலையத்துக்கு எழுதவேண்டும். வெளிநாட்டின, கலப்பினக் காளைகளாயின் மரபுக்குறைச் சோதனை செய்யப்பட்டதா என்றும் வினவவேண்டும். தனி ஒருவர் கேட்டால் விடை வரத் தாமதம் ஆகலாம். நூறு பசுக்களின் பெயரால் சங்கம் கேட்டால் விடை சொல்லியே தீரவேண்டும்.

வரவு செலவை எழுதப் பழகிய நாம் தொழுவத்தின் கணக்கையும் எழுதப் பழகுவோமாக. பிறந்த கன்றோடு பிறவாத கன்றையும் அதில் குறிப்போமாக. சீஃப் காளையின் பிழையை வெளிப்படுத்தியது, அவ்வாறு பல்லாயிரம் தொழுவங்களில் பல்லாண்டுகள் எழுதி வைத்த வமிசக் குறிப்பேயாகும்.